எதை அடைத்தால் செல் பிழைக்கும்? நெட் தேர்வுக்கு செல் இறப்புப் பாடம் படித்த அனுபவம்

சிஎஸ்ஐஆர் நெட் (ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வு) உயிர் அறிவியல் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் செல் இறப்புப் பகுதியை இரண்டு விதமாகக் கெடுத்துக்கொள்கிறார்கள். "அப்போப்டோசிஸ்தானே, இளங்கலையிலேயே முடித்தாயிற்று" என்று தாண்டிப் போகிறவர்கள் ஒரு சாரார் (செல் தன்னையே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் சாவுதான் அப்போப்டோசிஸ்). அந்தச் சாவை நடத்தும் கேஸ்பேஸ் நொதிகளை எண் வாரியாக எழுதிச் சுவரில் ஒட்டி, காலையும் மாலையும் பாராயணம் செய்கிறவர்கள் இன்னொரு சாரார். வட சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டே படித்துத் தேறியவள் என்பதால், தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்துத் தம்பி தங்கைகள் அவ்வப்போது வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் கணக்கு. இந்தத் தேர்வின் மூன்றாம் பகுதியில் 75 கேள்விகள். அவற்றில் 25க்குப் பதில் எழுதினால் போதும். ஒன்றுக்கு 4 மதிப்பெண். மொத்தம் உள்ள 200 மதிப்பெண்ணில் பாதி இங்கேதான் இருக்கிறது. தவறான விடைக்கு 1 மதிப்பெண் போய்விடும். எனவே எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகத் தெரிந்துவைத்திருப்பவரைவிட, சில பாடங்களை அடிவரை பார்த்தவருக்கே லாபம். அப்படி அடிவரை பார்க்கத் தகுந்த பாடம் செல் இறப்பு. பாடத்திட்டத்தில் அது ஒரே இடத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்காம் அலகில் புற்றுநோயின் கீழ் அப்போப்டோசிஸ் இருக்கிறது. ஐந்தாம் அலகில் வளர்ச்சி உயிரியலின் கீழ் திட்டமிட்ட செல் இறப்பும் மூப்பும் இருக்கின்றன. நரம்புச் சிதைவு நோய்களோ மைட்டோகாண்ட்ரியா, புரத மடிப்பு ஆகியவற்றின் வழியாக உள்ளே வருகின்றன. ஒன்றைச் சரியாகப் படித்தால் மூன்று கதவு திறக்கும்.

எப்படிப் படிப்பது? ஒவ்வொரு மூலக்கூறின் பெயரைப் பார்த்ததும் "இது என்ன செய்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "இதை அடைத்துவிட்டால் செல் பிழைக்குமா, வேறு வழியில் சாகுமா" என்று கேளுங்கள். மூன்றாம் பகுதிக் கேள்விகள் பெரும்பாலும் ஒரு சோதனையைக் கொடுத்து முடிவைக் கேட்கும். அம்புக்குறிப் படத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே திணறுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, ராயபுரத்திலிருந்து வந்த பெண் கேட்டாள்: "அக்கா, கேஸ்பேஸை அடைத்துவிட்டால் செல் பிழைத்துவிடும்தானே?"

"எந்தச் செல் என்று முதலில் சொல்" என்றேன்.

அவள் முறைத்தாள். ஆனால் விஷயமே அதுதான். இரண்டு செல் வரிசைகளை எடுத்துக்கொள்வோம்: குடல் புற்றுநோயிலிருந்து வந்த எச்டி-29, கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து வந்த ஹீலா. இரண்டுக்கும் டிஎன்எஃப் என்ற அழற்சிச் செய்திப் புரதத்தை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. டிஎன்எஃப் வந்து ஒட்டும் ஏற்பி முதலில் பிழைக்கச் சொல்லும் செய்தியைத்தான் உட்கருவுக்கு அனுப்புகிறது. செல்லைப் பிழைக்க வைக்கும் ஐஏபி புரதங்களை அழிக்கும், ஸ்மாக் என்ற புரதத்தைப் போல நடிக்கும் மருந்தையும் சேர்த்தால் பிழைக்கும் வழி மூடிக்கொள்கிறது. ஆர்ஐபிகே1 என்ற நொதி போய் கேஸ்பேஸ்-8 உடன் சேர, செல் அப்போப்டோசிஸில் சாகிறது. இப்போது கேஸ்பேஸ் தடுப்பானான இசட்-விஏடியைக் கலக்குங்கள். ஹீலா பிழைக்கும். எச்டி-29 பிழைக்காது. அதில் ஆர்ஐபிகே3 இருக்கிறது. கேஸ்பேஸ்-8இன் கை ஓய்ந்ததும் ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3, எம்எல்கேஎல் என்ற வரிசை எழுந்து செல் சவ்வைத் துளைத்துவிடுகிறது. இதுவே நெக்ரோப்டோசிஸ். நெக்ரோஸ்டாட்டின்-1 சேர்த்து ஆர்ஐபிகே1-ஐயும் அடைத்தால்தான் எச்டி-29 பிழைக்கும். ஹீலாவில் ஆர்ஐபிகே3 உற்பத்தியே இல்லை. பல புற்றுநோய்ச் செல்கள் இந்த மரபணுவை அணைத்தே வைத்திருக்கின்றன. அவற்றுக்கு அது வசதி.

இதன் விலங்குச் சான்றையும் கையோடு பிடித்துக்கொள்ளுங்கள். கேஸ்பேஸ்-8 இல்லாத எலிக்கரு பாதிக் கர்ப்பத்திலேயே இறந்துவிடும். சாவு நொதியை எடுத்தால் கரு ஏன் சாக வேண்டும் என்பது வெகுநாள் புதிர். கூடவே ஆர்ஐபிகே3-ஐயும் எடுத்துவிட்டால் எலி பிறந்து வளர்கிறது என்று 2011இல் காட்டினார்கள். இந்த ஒரு முடிவுக்குள் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது.

புழுவை விட்டுவிடாதீர்கள். சி. எலிகன்ஸ் என்ற சிறு உருளைப்புழுவின் வளர்ச்சியில் உருவாகும் 1090 உடற்செல்களில் 131 சாகின்றன, அதுவும் எந்தெந்தச் செல் என்று குறித்து வைத்தபடி. 2002ஆம் ஆண்டு நோபல் பரிசு இந்தப் புழுவுக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. புழுவின் சிஇடி-9 என்பது நம் உடலில் சாவைத் தடுக்கும் பிசிஎல்-2. சிஇடி-4 என்பது கேஸ்பேஸை முடுக்கும் ஆபாஃப்-1. சிஇடி-3 என்பது கேஸ்பேஸ். சிஇடி-9 போனால் சாக வேண்டாத செல்களும் சாகும். சிஇடி-9, சிஇடி-3 இரண்டும் போனால்? சாக வேண்டிய செல்களும் பிழைக்கும், ஏனென்றால் சிஇடி-3 வரிசையில் கீழே இருக்கிறது. தேர்வில் நேரம் வீணாகாத கேள்வி இது.

புற்றுநோய்ப் பக்கத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது பிசிஎல்-2 மீது. ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இந்த மரபணு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மரபணுவின் ஊக்கப் பகுதியிடம் (என்ஹான்சர்) மாட்டிக்கொண்டு அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. அதுவரை தெரிந்த புற்று மரபணுக்கள் செல்லைப் பெருக வைத்தன. இது பெருக வைக்கவில்லை, சாகவிடாமல் வைக்கிறது என்று 1988இல் தெரியவந்தது. அங்கிருந்து மருந்துக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. முதலில் வந்த நாவிட்டோகிளாக்ஸ் பிசிஎல்-2ஐயும் அதன் உறவான பிசிஎல்-எக்ஸ்எல்ஐயும் சேர்த்து அடைத்தது. இரத்தத் தட்டுகள் உயிரோடு இருப்பது பிசிஎல்-எக்ஸ்எல் தயவில். ஆகவே நோயாளிகளுக்குத் தட்டுகள் சரிந்தன. பிசிஎல்-2ஐ மட்டும் பிடிக்கும் வெனிட்டோகிளாக்ஸுக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. அதை 20 மில்லிகிராமில் தொடங்கி வாரவாரம் ஏற்றி ஐந்து வாரத்தில் 400க்குக் கொண்டுபோகிறார்கள். எடுத்த எடுப்பில் முழு அளவும் கொடுத்தால் புற்றுச் செல்கள் ஒரே நேரத்தில் செத்து, அவற்றின் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் இரத்தத்தில் கொட்டி, சிறுநீரகமும் இதயமும் ஆபத்தில் சிக்கும். மருந்து அளவுக்குமேல் வேலை செய்வதே சிக்கலாகும் அபூர்வமான இடம்.

நரம்பு நோய்களுக்கு வருவோம். குறிப்பேடுகளில் ஒரு வரி உலவுகிறது: புற்றுநோயில் சாவு குறைவு, நரம்புச் சிதைவில் சாவு அதிகம். பாதி உண்மை என்பதால்தான் இது ஆபத்தானது. வேகமாக வளரும் கட்டிக்குள்ளும் செல்கள் ஓயாமல் செத்துக்கொண்டிருக்கின்றன. மறுபக்கம், நரம்பணுவில் கேஸ்பேஸை அடைத்தால் நோய் நின்றுவிடும் என்பதும் இல்லை. மினோசைக்ளின் என்ற பழைய மருந்து, கேஸ்பேஸைத் தூண்டும் சைட்டோகுரோம் சி மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து, ஏஎல்எஸ் என்ற இயக்க நரம்பணுச் சிதைவு நோயின் மாதிரி எலிகளைக் காத்தது. 2007இல் வெளியான பெரிய மருத்துவச் சோதனையில் அதை எடுத்துக்கொண்ட நோயாளிகள், எடுக்காதவர்களைவிட வேகமாக நலிந்தார்கள். எலி விடையை மனித விடையாக எழுதாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இன்னொன்று: பார்க்கின்சன் உள்ளவர்களிடம் பெரும்பாலான புற்றுநோய்கள் குறைவாகக் காணப்படுகின்றன, ஆனால் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மட்டும் அதிகம். அந்த ஒற்றை வரிக் குறிப்பால் இதை விளக்க முடியாது.

பார்க்கின்சனுக்கு எம்பிடிபி என்ற நச்சு வேதிப்பொருளின் கதையைப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் கலப்படப் போதை ஊசி போட்டுக்கொண்ட சிலர் திடீரென்று பார்க்கின்சன் நோயாளிகளைப் போல அசைய முடியாமல் உறைந்துபோனார்கள்; அந்த ஊசியில் எம்பிடிபி இருந்ததே காரணம் என்பது 1983இல் வெளியானது. எம்பிடிபி மூளைக்குள் போய், துணைச் செல்களில் இருக்கும் மாவோ-பி நொதியால் எம்பிபி+ ஆகிறது. அதை டோபமின் கடத்தி நரம்பணுவுக்குள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே அது மைட்டோகாண்ட்ரியாவின் முதலாம் கூட்டமைப்பை (காம்ப்ளக்ஸ் I) முடக்குகிறது. இப்போது கேள்விகளை நீங்களே உருவாக்கலாம். மாவோ-பி தடுப்பான் முன்கூட்டியே கொடுத்தால் காக்குமா? காக்கும். எம்பிபி+ஐ நேரடியாக மூளைக்குள் செலுத்தினால் அதே தடுப்பான் காக்குமா? காக்காது. கடத்தியை அடைத்தால் இரண்டிலும் பயன் உண்டு.

செல் தன் பாகங்களையே பொதிந்து லைசோசோமில் செரித்துக்கொள்ளும் தன்விழுங்கலில் (ஆட்டோஃபேஜி) எல்லோரும் சறுக்கும் இடம், அந்தப் பொதிகளில் ஒட்டியிருக்கும் எல்சி3 புரதம். அதன் கொழுப்பு கோத்த வடிவம் கூடினால் தன்விழுங்கல் கூடிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்பதைப் பார்த்துத் துறைமுகத்தில் வேலை அமோகம் என்று சொல்வது போன்றது அது. வாயில் மூடியிருந்தாலும் வரிசை நீளும். லைசோசோமை பாஃபிலோமைசின் கொடுத்து அடைத்துவிட்டு, அப்போதும் எல்சி3 மேலும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ஓட்டம் உண்டு. ஏறவில்லை என்றால் ஏற்கெனவே அடைப்பு இருந்திருக்கிறது. கூடவே, தன்விழுங்கலில் செரிந்துபோகும் பி62 புரதம் குறைகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

ஃபெரோப்டோசிஸுக்கு ஒரு பக்கம் போதும். 2012இல் பெயர் சூட்டப்பட்டது. இரும்பும் கொழுப்பு ஆக்சிஜனேற்றமும் செல்லைக் கொல்லும் வழி இது; காவலுக்கு ஜிபிஎக்ஸ்4 நொதி. இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்து காக்கும், கேஸ்பேஸ் தடுப்பான் காக்காது. பைரோப்டோசிஸ் என்ற அழற்சிச் சாவுக்கும் ஒரு பக்கம் போதும்: கேஸ்பேஸ்-1 காஸ்டெர்மின் டி புரதத்தை வெட்டும், அது சவ்வில் துளை போடும்.

சாகும் செல்லின் வெளிச்சவ்வில் ஒட்டும் அனெக்சின், சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் பிஐ சாயம் ஆகியவற்றின் படங்களை மட்டும் கையால் வரைந்து பழகுங்கள். அனெக்சின் மட்டும் ஒட்டினால் தொடக்க அப்போப்டோசிஸ். இரண்டும் ஒட்டினால் சவ்வு கிழிந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். எந்த வழியில் செத்தது என்பதை அந்தப் படம் சொல்லாது. "பின்நிலை அப்போப்டோசிஸ் மட்டுமே" என்று ஒரு விருப்பம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பப்மெட் சென்ட்ரலில் மறுஆய்வுக் கட்டுரைகள் இலவசம். கட்டுரையை முதலிலிருந்து வாசிக்காமல் படங்களையும் அவற்றின் கீழ்க்குறிப்புகளையும் மட்டும் வாசித்து, முடிவை நீங்களே ஊகித்து, பிறகு உரையோடு ஒப்பிடுங்கள். எங்கள் பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடுகளில் சத்தம் ஓயாது. நெடுந்தொடர் முடிந்த பிறகு படிக்கலாம் என்றால் அடுத்தது தொடங்கிவிடும். மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு நகரின் பெரிய நூலகங்களுக்குப் போவது எளிதாகிவிட்டது. அங்கே போக முடியாத நாளில் இந்தப் படம் பார்த்து ஊகிக்கும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீண்ட அமைதி தேவையில்லை, ஒரு படத்துக்குக் கால்மணி நேரம் கிடைத்தால் போதும்.

தேர்வறையில் மூன்றாம் பகுதியை ஒருமுறை முழுக்கப் புரட்டி, சோதனை கொடுத்துக் கேட்கும் செல் இறப்புக் கேள்விகளை முதலில் எடுங்கள். விருப்பங்களைப் படிப்பதற்கு முன்பே விடையைத் தாளில் கிறுக்கிவிடுங்கள். உங்கள் விடை நான்கில் ஒன்றாக இல்லையென்றால், கேள்வியில் எந்தச் செல் வரிசை, எந்தத் தடுப்பான் என்பதைத் திரும்பப் பாருங்கள். அப்போதும் பொருந்தவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தேவை 25தான்.