வெள்ளைக்கழிச்சலும் ஒரு வெட்டுமிடமும்

பங்குனி மாதத்தின் ஒரு விடியற்காலையில் அம்மாயியின் கோழிக்கூட்டைத் திறந்தபோது, முந்தைய நாள் வரை வாசலெல்லாம் கிளறித் திரிந்த கருங்கோழி, கழுத்து முதுகுப்பக்கமாகத் திருகி, கொண்டை கறுத்து, அலகைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. கூட்டின் தரையில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதுபோல வெள்ளையும் பச்சையும் கலந்த எச்சம் கிடந்தது. அம்மாயி குனிந்து பார்த்துவிட்டு, "வெள்ளக்கழிச்சல் சாமி, இனி ஒண்ணும் தங்காது" என்றார். அப்போது எனக்குப் பதினோரு வயது. ஐந்தே நாளில் இருபத்து மூன்று கோழிகளில் இரண்டு மட்டும் மிஞ்சின. மற்றவற்றை வேலியோரம் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.

பின்னாளில் கால்நடை மருத்துவம் படித்து, இப்போது நோயறிதல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு, அந்தக் கூட்டுக்குள் நடந்தது என்ன என்பதை அணு அணுவாக அறிந்துகொள்ளும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு வைரஸ் எதனால் கொல்கிறது என்ற கேள்விக்கு இத்தனை தெளிவான விடை கிடைத்த நோய்கள் அதிகமில்லை என்பதால், இதை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே கண்டறியப்பட்டதால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. நம் நாட்டில் இமயமலை ஊரான ரானிகேத்தின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் துறையில் ‘ரானிகேத் டிசீஸ்’ என்பதைச் சுருக்கி ஆர்.டி. என்றால் போதும், எல்லாருக்கும் விளங்கும்.

இந்த வைரஸின் உடைமை மிகச் சிறியது. ஏறத்தாழ 15,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழையும் அதில் ஆறு மரபணுக்களும்தான் அதனிடம் உள்ளன. அதன் மேலுறையில் இரண்டு வகைப் புரதங்கள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். எச்.என். என்னும் புரதம் கோழியின் செல் மீதுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். எஃப் என்னும் மற்றொன்று, வைரஸின் உறையையும் செல்லின் உறையையும் ஒன்றாக இணைத்து, வைரஸின் உள்ளிருப்பு செல்லுக்குள் இறங்க வழி திறக்கும். கழிச்சல் நோயின் கதை பெரும்பாலும் இந்த எஃப் புரதத்தின் கதை.

553 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம், செல்லுக்குள் உருவாகும்போது எதற்கும் உதவாத நிலையில்தான் உருவாகிறது. வில்லை இழுத்து வளைத்து, ஆனால் கொக்கி அவிழாதபடி கம்பியால் கட்டி வைத்த எலிப்பொறியை நினைத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பியை அறுத்தால்தான் பொறி தயாராகும். புரதச் சங்கிலியை 116-ஆவது அமினோ அமிலத்துக்கும் 117-ஆவதுக்கும் நடுவே யாராவது வெட்டிக் கொடுத்தால், நீரை ஒதுக்கிக் கொழுப்பை நாடும் ஒரு முனை விடுபடுகிறது. எச்.என். புரதம் செல்லைப் பற்றிக்கொண்டு சைகை கொடுத்ததும் அந்த முனை எதிரே இருக்கும் செல்லுறைக்குள் ஊசிபோல் பாய்கிறது. பிறகு எஃப் புரதம் தன்னைத்தானே மடித்துக்கொண்டு இரண்டு உறைகளையும் இழுத்து ஒட்டவைக்கிறது. வெட்டு விழாத வைரஸ், செல்லின் வாசலில் ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர உள்ளே நுழைய முடியாது.

வெட்டும் கத்தி வைரஸிடம் இல்லை. அது கோழியின் சொந்த நொதி. இந்த ஒரு செய்தியை முதன்முதலில் படித்த நாளில் நான் வெகுநேரம் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

கோழியின் உடலில் இரண்டு வகைக் கத்திகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிரிப்சினைப் போன்ற நொதிகள் மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டுமே கிடைப்பவை. வெட்டுமிடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒன்று இருந்தாலே அவற்றுக்குப் போதும். ஃபியூரின் என்னும் நொதியோ மூளை, இதயம், மண்ணீரல், இரத்தக்குழாய் என்று அநேகமாக எல்லாத் திசுக்களிலும் வேலை செய்வது; உடலுக்குத் தேவையான பல புரதங்களை, எடுத்துக்காட்டாக இன்சுலினைப் பற்றும் ஏற்பியை, சரியான இடத்தில் வெட்டிப் பக்குவப்படுத்துவது அதன் அன்றாடப் பணி. ஆனால் அது எல்லா இடத்திலும் வெட்டாது. அர்ஜினின், லைசின் ஆகிய நேர்மின்னூட்ட அமினோ அமிலங்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும் இடத்தைத்தான் அது தேடும்.

ஆகவே 112 முதல் 117 வரையுள்ள ஆறு அமினோ அமிலங்கள் என்ன என்பதில் ஒரு மந்தையின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. 113 முதல் 116 வரை குறைந்தது மூன்று அர்ஜினின் அல்லது லைசின், 117-இல் ஃபினைல் அலனின் என்று இருந்தால், அந்த வைரஸைக் கொடியதாகக் கருத வேண்டும் என்பதை உலக விலங்கு நல அமைப்பு தன் வரையறையிலேயே எழுதி வைத்திருக்கிறது. 117-இல் லூசினும் அதற்கு முன் ஒற்றை அர்ஜினினும் இருக்கும் வைரஸ், மூச்சுக்குழாயிலும் குடலிலும் பெருகிவிட்டு, லேசான செருமலோடு நின்றுவிடும். முதல் வகை உடலெங்கும் பெருகும். மூளைக்குள் பெருகுவதால்தான் அந்தக் கழுத்து திருகுகிறது.

கல்லூரியின் பிணப்பரிசோதனை மேசையில் கழிச்சலில் இறந்த கோழியை முதன்முதலாக அறுத்தது நினைவிருக்கிறது. முன் இரைப்பையை நீளவாக்கில் கத்தரித்து விரித்தால், உட்புறச் சுவரில் வரிசையாக மேடிட்டிருக்கும் சுரப்பிகளின் ஒவ்வொரு வாயிலும் குண்டூசி முனையளவு இரத்தப்புள்ளி. தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அது போகாது. ஆசிரியர் அதைத் தொட்டுக் காட்டி, ஆர்.டி. என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்தப் புள்ளிகள் ஆறு அமினோ அமிலங்களின் கையெழுத்து என்பது எனக்கு விளங்கப் பின்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

எஃப் புரதம் வெட்டுப்படுவதற்கும் வைரஸின் கொடுமைக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1976-இல் நகாய், கிளெங்க், ரோட் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை நிலைநாட்டியது. கொடிய வகையை எந்தச் செல்லில் வளர்த்தாலும் எஃப் வெட்டுப்பட்டு வெளிவந்தது. சாதுவான வகையோ பல செல்களில் வெட்டுப்படாமலே வெளிவந்து, டிரிப்சினைச் சேர்த்த பிறகுதான் தொற்றும் ஆற்றலைப் பெற்றது. கருமுட்டையின் நீரில் டிரிப்சினைப் போன்ற நொதி இயல்பாகவே இருப்பதால்தான் சாதுவான தடுப்பூசி வைரஸ்களை இன்றும் முட்டையில் எளிதாக வளர்க்க முடிகிறது.

ஆய்வகத்தில் காட்டியது பண்ணையில் நடக்குமா என்ற ஐயத்துக்கு ஆஸ்திரேலியா விடையளித்தது. 1930-களின் தொடக்கத்தில் மெல்போர்ன் பகுதியில் கண்ட கழிச்சல், அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் தலைகாட்டவே இல்லை. அங்குள்ள கோழிகளில் சாதுவான உள்ளூர் வைரஸ்கள் மட்டும் யாருக்கும் தொல்லையின்றி உலவிக்கொண்டிருந்தன. 1998-இல் சிட்னியின் மேற்குப் பகுதியிலும், அடுத்த ஆண்டு மாங்குரோவ் மவுண்டன் என்ற ஊரிலும் கோழிகள் சாகத் தொடங்கியபோது, வெளிநாட்டிலிருந்து நோய் வந்துவிட்டது என்று அஞ்சுவது இயல்புதான். வைரஸின் மரபுவரிசையைப் படித்தபோதோ, அது அந்த மண்ணின் சாதுவான வைரஸாகவே இருந்தது. வெட்டுமிடத்தில் ஒரு கிளைசின் அர்ஜினினாகவும், 117-இல் இருந்த லூசின் ஃபினைல் அலனினாகவும் மாறியிருந்தன. 15,000 எழுத்துகளில் இரண்டு எழுத்து மாற்றம் இதற்குப் போதுமாயிருந்தது. அதற்கு விலையாக லட்சக்கணக்கான கோழிகளை அழிக்க நேர்ந்தது.

இதே கதையைப் பறவைக் காய்ச்சல் வேறொரு புரதத்தைக் கொண்டு சொல்கிறது. அங்கே எஃப் புரதத்தின் வேலையையும் பற்றிக்கொள்ளும் வேலையையும் ஹீமக்ளூட்டினின் என்ற ஒரே புரதம் செய்கிறது. அதற்கும் வெட்டு தேவை, அதற்கும் ஃபியூரின் வழி உண்டு. 1983 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லேசாக இருந்த எச்5என்2 வைரஸ், அக்டோபரில் கொல்லும் வைரஸாகிவிட்டது. இதில் ஒரு வியப்பு உண்டு. வெட்டுமிடத்து அமினோ அமிலங்கள் முன்பே ஃபியூரினுக்கு ஏற்றவையாகத்தான் இருந்தன. அருகே தொங்கிய ஒரு சர்க்கரைச் சங்கிலி அதைத் திரைபோல் மறைத்திருந்தது. ஓர் அமினோ அமிலம் மாறியதால் அந்தச் சர்க்கரை விழ, கத்திக்கு வழி பிறந்தது. நோயை ஒடுக்க 1.7 கோடிப் பறவைகளைக் கொல்ல வேண்டியிருந்தது. 1997-இல் ஹாங்காங்கில் பரவிய எச்5என்1 வைரஸில் அர்ஜினினும் லைசினும் வரிசையாக நின்றன. கோழிகளோடு அது நிற்கவில்லை. தொற்றிய 18 மனிதர்களில் 6 பேர் இறந்தனர்.

வெட்டுமிடம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று இதைப் படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. இரண்டு மாதக் கோழிக்கு நம் ஊரில் ஊசியாகப் போடப்படும் ஆர்2பி தடுப்பூசி வைரஸின் வெட்டுமிடம், கொடிய வகையின் வெட்டுமிடத்தைப் போன்றதே. இமயமலை ஊரான முக்தேஸ்வரின் கால்நடை ஆய்வு நிலையத்தில் கருமுட்டைகளில் திரும்பத் திரும்பக் கடத்தி அதன் வலுவைக் குறைத்தார்கள். வலு குறைந்ததற்கான காரணம் வேறு புரதங்களில் இருக்கிறது. ஆனாலும் சின்னக் குஞ்சுகளுக்கு அதைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வதும், முதல் வாரத்தில் எஃப் வகை (எஃப் புரதம் அல்ல, ஒரு தடுப்பூசி வைரஸின் பெயர்), லசோட்டா போன்ற சாதுவானவற்றைக் கொடுத்த பிறகே அதற்குப் போவதும் காரணமின்றி அல்ல. மறுபக்கம், 1918-இல் கோடிக்கணக்கான மனிதர்களைக் கொன்ற இன்ஃபுளுவென்சாவின் ஹீமக்ளூட்டினினில் ஒற்றை அர்ஜினின்தான் இருந்தது.

மனித செல்களிலும் ஃபியூரின் இருக்கும்போது கழிச்சல் வைரஸ் ஏன் நம்மைக் கொல்வதில்லை என்ற கேள்வி அடுத்து எழுகிறது. வேலையில் சேர்ந்த புதிதில், தடுப்பூசிக் குப்பியைக் கலக்கும்போது ஒரு துளி என் கண்ணில் தெறித்தது. மறுநாள் கண் சிவந்து நீர் வடிந்தது. நான்கைந்து நாளில் தானே சரியாகிவிட்டது. தடுப்பூசி போடுபவர்களுக்கும் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கும் இது புதிதல்ல; பர்னெட் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் 1943-இலேயே ஆய்வகத்தில் இத்தகைய கண்நோயைப் பதிவு செய்திருக்கிறார். வைரஸ் மனிதக் கண்ணுக்குள் நுழைந்துவிடுகிறது, ஆனால் பரவ முடிவதில்லை. வி என்ற இன்னொரு வைரஸ் புரதம் இதற்கு முக்கியக் காரணம். கோழி செல் அபாயச் சங்கு ஊதுவதற்காகச் சுரக்கும் இன்டர்ஃபெரானை அந்தப் புரதம் அடக்கிவிடுகிறது. மனித செல்லின் சங்கை அதனால் அப்படி அடக்க முடியாததால், நம் உடல் முதல் நாளிலேயே விழித்துக்கொள்கிறது. கதவைத் திறக்கும் புரதம் ஒன்று, உள்ளே போன பிறகு காவலை மயக்கும் புரதம் மற்றொன்று. இரண்டும் பொருந்தும் உடலில்தான் நோய் முழுமையாகிறது.

2024 மார்ச் 25 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களின் கறவை மாடுகளில் எச்5என்1 உறுதிசெய்யப்பட்டது என்ற செய்தி வந்தபோது, எங்கள் துறையில் பலருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மாடு இந்த வைரஸுக்கு இரையாகும் என்று யாரும் பாடம் நடத்தியதில்லை. மாடுகள் தீவனம் குறைந்து, பால் சீம்பாலைப் போலக் கெட்டியாகி மஞ்சளித்தது. அந்தப் பாலில் வைரஸ் ஏராளமாக இருந்தது. பறவை வைரஸின் ஹீமக்ளூட்டினின் பற்றிக்கொள்ளும் அதே வகைச் சியாலிக் அமிலம் மாட்டின் மடித்திசுவில் நிறைந்திருப்பதைப் பிறகு கண்டார்கள். டெக்சாஸில் முதலில் தொற்றுக்குள்ளான பண்ணைத் தொழிலாளிக்குக் கண் சிவந்ததே அறிகுறி, ஏனெனில் நம் கண்ணின் மேற்பரப்பிலும் அந்த வகைச் சர்க்கரை உண்டு. அவரிடமிருந்து எடுத்த வைரஸில், மரபிழையை நகலெடுக்கும் பிபி2 என்ற புரதத்தின் 627-ஆவது இடம் லைசினாக மாறியிருந்தது. பறவை செல்லின் துணைப்புரதத்தை நம்பி ஓடிய அந்த நகலெடுப்பு இயந்திரம், பாலூட்டியின் துணைப்புரதத்தோடும் நன்றாக ஓட அந்த மாற்றம் உதவுகிறது. மடியைத் தொட்டுக் கறக்கும் கை கண்ணைக் கசக்கக் கூடாது என்று நான் பார்க்கும் பால்காரர்களிடமெல்லாம் அன்று முதல் சொல்லி வருகிறேன்.

கொரோனா வைரஸின் கூர்ப்புரதத்திலும் ஃபியூரின் வெட்டும் இடம் ஒன்று உண்டு என்பது 2020-இல் நாளிதழ்கள் வரைக்கும் வந்த செய்தி. கழிச்சலைப் படித்தவர்களுக்கு அந்தச் சொல் பழைய அறிமுகம்.

அம்மாயி பின்னும் பல ஆண்டுகள் கோழி வளர்த்தார். தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில், கோடைக் கழிச்சலுக்கு முன்பாக, கிராமங்களில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. வெயிலைத் தாங்கும் வைரஸ் வகையைக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வாய்வழியே கொடுக்கும் தடுப்பு மருந்துக் குருணையையும் உருவாக்கியிருக்கிறது. நான் படிப்பை முடித்த ஆண்டில், பனிக்கட்டிக்குள் குப்பியை வைத்து எடுத்துச் சென்று, அம்மாயியின் குஞ்சுகளுக்கு நானே சொட்டு மருந்து விட்டேன். இது என்ன மருந்து என்று கேட்டவரிடம், நோய் உண்டாக்கும் வைரஸின் சாதுவான உறவு என்று சொன்னேன்.

"நோவையேவா கண்ணுல ஊத்தற?" என்றார்.

"ஆமாங்க அம்மாயி. ஆனா இது மூக்கோட நின்னுக்கும், மூளைக்கு ஏறாது."

அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பஞ்சாரத்தைத் தூக்கி ஒரு குஞ்சைப் பிடித்து, அதன் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கண் மேலே தெரியும்படி என்னிடம் நீட்டினார். சொட்டு உள்ளே இறங்கிக் குஞ்சு ஒருமுறை இமைத்த பிறகுதான் விட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பதினெட்டுக் குஞ்சுகளுக்கும் அந்த இமைப்பு வரும் வரை அவர் கையை எடுக்கவில்லை.