உப்பு தூக்கலாக ஒரு பேனல்

நான் கல்யாண ஆல்பம் போடுகிறவன். பாளையங்கோட்டையில் சின்ன ஸ்டுடியோ. ரீல் போட்டு எடுத்த காலத்திலிருந்து இதே வேலைதான். பொண்ணழைப்பு, நலங்கு, முகூர்த்தம், பந்தி, மறுவீடு என்று எது முன்னால், எது பின்னால் என்பது கை தன்னால் செய்யும். ஒருமுறை அவசரத்தில் தாலி கட்டும் பக்கத்துக்கு முன்னால் மொய்க் கவர் கொடுக்கும் பக்கத்தைச் சேர்த்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா கடைக்கே வந்து, "தாலி கட்டுறதுக்கு முன்னாலயே மொய் வாங்கிட்டோம்னு ஊர் பேசவா?" என்று கேட்டார். ஆல்பத்தைப் பிரித்து மறுபடி பைண்டிங் போட்டுக் கொடுத்தேன்.

அதனால், எங்கள் போட்டோ கிளப்பில் இந்த வருடம் பேனல் போட்டி என்றதும் இது நமக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி என்று நினைத்தேன். ஒரே கருப்பொருளில் 6 படங்கள். ஒவ்வொன்றும் 8க்கு 12 இஞ்ச். எல்லாம் ஒரே போர்டில். தலைப்பு மட்டும் போடலாம், படங்களுக்குக் கீழே விளக்கம் கூடாது. அடுக்குகிற வேலைதானே?

இல்லை. ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். இந்தப் படத்தைப் பார்க்கும்போது அடுத்தது தெரியாது. பேனலில் ஆறும் ஒரே நேரத்தில் கண்ணில் வந்து விழும். நடுவர் முதலில் ஏழெட்டு அடி தள்ளி நின்று மொத்தமாகப் பார்ப்பார், அப்புறம்தான் கிட்டே வருவார். அந்த முதல் பார்வையில் ஆறும் சேர்ந்து ஒரே படமாக நிற்க வேண்டும். இங்கிலாந்தில் இருக்கும் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியில் முதல் படி பட்டத்துக்கு 10 படம் கொடுக்க வேண்டும். எந்தப் படம் எங்கே தொங்க வேண்டும் என்று ஒரு வரைபடமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைத்தான் பதினோராவது படம் என்பார்கள். கிளப்பில் ஒரு ரிட்டயர்ட் தலைமையாசிரியர் இதை அடிக்கடி சொல்வார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கருப்பொருளுக்கு யோசிக்கவே இல்லை. உப்பளம். இங்கிருந்து பைக்கில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் வேப்பலோடை. கல்யாண சீசன் இல்லாத நாட்களில் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் அளத்தில் விடியற்காலை 3 மணிக்கெல்லாம் வேலை தொடங்கிவிடும். டார்ச் வெளிச்சத்தில் உப்பு வாருவார்கள். கையில் ஆயிரக்கணக்கில் படம் இருந்தது. கழித்துக் கழித்து ஒன்பதுக்குக் கொண்டுவந்தேன். அதில் ஆறை எடுத்து அடுக்க வேண்டும். "60,480 விதமா அடுக்கலாம்பா" என்றான் மகன். இன்ஜினியரிங் படிக்கிறான், இந்த மாதிரி உதவி மட்டும் உடனே கிடைக்கும்.

ஒன்பதையும் மேக்ஸி சைஸில் (4க்கு 6 இஞ்ச்) பிரிண்ட் போட்டு ஹாலில் தரையில் பரப்பினேன். கம்ப்யூட்டர் திரையில் அடுக்கிப் பார்ப்பது எனக்குச் சரிப்படாது. தரையில் போட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தால்தான் புத்தி வேலை செய்யும். ஃபேன் காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஐந்து ரூபாய்க் காசு. நான்கு நாள் வீட்டில் யாரும் நேராக நடக்கவில்லை.

ஒன்பதில் ஒரு படம் எனக்கு உயிர். உப்பு வாரும் அம்மா ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் சும்மாடு, புருவத்தில் உப்புப் பொரி, கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறார். காலை வெயில் ஒரு கன்னத்தில் மட்டும். தனிப் படங்களுக்கான மாதாந்தரப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம். அதைத்தான் மேல் வரிசை நடுவில் வைத்தேன். அது இல்லாமல் என்ன உப்பளம்?

தலைமையாசிரியர் சாரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். காபி குடித்தபடி பத்து விநாடி பார்த்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு சொல்றேன். ஒரு அம்மா. அவ்வளவுதான்" என்றார். மீதி ஐந்தில் என்ன இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. மனைவியிடம் கேட்டேன், மகனிடம் கேட்டேன். அதே பதில். நேராகப் பார்க்கும் கண் ஒன்று இருந்தால் மற்ற எந்தப் படத்துக்கும் பார்வை நகராது. மற்ற ஐந்தும் அந்த அம்மாவுக்குப் பின்னால் பிடித்த பந்தல் துணி மாதிரி ஆகிவிட்டன.

அந்தப் படத்தை எடுத்து டிவி ஸ்டாண்டு மேல் வைத்தேன். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

அது போனதும் மற்றவை பேச ஆரம்பித்தன, அது உண்மை. உப்புச் சுமையோடு பலகை மேல் வரிசையாக நடக்கும் பெண்கள். பனையோலை போட்டு மூடிய உப்பு அம்பாரம். பலகையால் உப்பை இழுக்கும் ஆள். ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள். வாய்க்காலில் மண்ணை வெட்டிப் பாத்திக்குத் தண்ணீர் விடுவது. ஆறாவது, வரப்பில் தனியாக இருக்கும் ஒரு தூக்குவாளி. அதில் ஆளே இல்லை. தனியாகப் போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தூக்கிப்போடுவார்கள். ஆனால் பேனலில் எல்லாப் படமும் கத்தினால் காது வலிக்கும். தூக்குவாளி பேசாமல் உட்கார்ந்திருந்தது. கீழ் வரிசை நடுவில் வைத்ததும் மற்ற ஐந்துக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது.

ஓரங்களில் இருப்பவர்கள் உள்ளே பார்க்க வேண்டும் என்பது கல்யாண குரூப் போட்டோவிலேயே தெரிந்த விஷயம். இடது ஓரத்தில் பெண்கள் வலது பக்கம் நடந்து வருகிறார்கள், சரி. வலது ஓரத்தில் உப்பு இழுக்கும் ஆளும் வலது பக்கமே போகிறார், பேனலை விட்டு வெளியே. மிரரில் திருப்பிவிடலாமா என்று கை அரித்தது. திருப்பியும் பார்த்தேன். பனியனில் இருந்த கடை விளம்பரம் இடம் வலம் மாறிய எழுத்தாக நின்றது. அப்படி மாட்டிக்கொள்ளாவிட்டாலும் அது தப்புதான். பழைய ஹார்டு டிஸ்க்கைக் குடைந்ததில், அதே ஆள் திரும்பி வருகிற ஒரு ஃபிரேம் கிடைத்தது. ஷார்ப் கொஞ்சம் கம்மி. பரவாயில்லை என்று வைத்தேன்.

அடுத்தது அடிவானம். மேல் வரிசை மூன்றிலும் அடிவானம் தெரிகிறது, மூன்றும் மூன்று உயரத்தில். தனித்தனியாகப் பார்த்தால் குறையே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிக்கட்டு. மூன்றையும் மறுபடி வெட்டி, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் கோடு வரும்படி செய்தேன். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குக் கோடு ஓடி, மூன்றும் ஒரே வெளியாக ஆனது. இதற்குப் பலி, அம்பாரத்து உச்சியில் உட்கார்ந்திருந்த காகம். அதற்காக அன்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

அந்த அம்பாரமும் இப்போது இல்லை. 2023 அக்டோபரில் எடுத்தது. டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த வெள்ளத்துக்கு அப்புறம் போய்ப் பார்த்தபோது அங்கே ஓலை மட்டும் சேற்றில் கிடந்தது.

மூன்று வருடப் படம் என்பதில் இன்னொரு தொல்லை, வெள்ளை. உப்பு வெள்ளை என்று நாம் சொல்கிறோம், கேமரா சொல்லாது. விடியலில் நீலம், ஏழு மணிக்கு மஞ்சள், உச்சியில் சுண்ணாம்பு. போதாததற்கு, வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமராவின் மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கும். அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்கிற ஜாதி. அளத்தில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பாவது, அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காகவாவது, கூட்டி வைக்க வேண்டும். முதல் வருடம் எனக்கு இது உறைக்கவில்லை, அந்த வருடப் படங்களில் உப்பு பழைய சிமெண்ட் மாதிரி இருக்கும். போட்டோஷாப்பில் உட்கார்ந்து, ஆறு படத்திலும் உப்பின் பிரகாசமான இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, 240க்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன் (0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை). 255 வரை விட்டால் பிரிண்டில் மையே விழாது, வெறும் பேப்பர்தான் தெரியும். விடியல் படத்தின் நீலத்தைப் பாதியாகக் குறைத்தேன். முழுக்க எடுத்திருந்தால் விடியலே போயிருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நாற்காலியிலிருந்து இறங்கினேன். வாசல் கோலத்தை முடித்துவிட்டு உள்ளே வந்த மனைவி ஒரு நிமிடம் நின்றாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் உப்பு தூக்கலா இருக்கே."

பார்த்தால் உண்மைதான். வெளிச்சமான படங்கள் எல்லாம் இடது பக்கம். போர்டே அந்தப் பக்கம் லேசாகி மேலே போவது போலவும், வலது பக்கம் இறங்குவது போலவும் இருந்தது. புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவள் கண்ணுக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. கீழ் வரிசை இடதில் இருந்த வாய்க்கால் படத்தை வலது மூலைக்கும், இருட்டான பூட்ஸ் கால்களை இடது மூலைக்கும் மாற்றினேன். வாய்க்காலின் வரி மூலையிலிருந்து உள்ளே ஏறி வந்தது, பூட்ஸின் முனை வலது பக்கம் நடந்தது. 60,480-ல் என்னுடையது இதுதான் என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒட்டுகிற கதையைச் சுருக்கிச் சொல்கிறேன், நினைத்தாலே எரிச்சல் வருகிறது. ஸ்டுடியோ பழக்கத்தில் கறுப்பு சார்ட் ஒட்டிய சன்போர்டு அட்டை தயார் செய்தேன். கறுப்பில் உப்பு, டியூப்லைட் மாதிரி எரிந்தது. வெள்ளையில் வைத்தால் படத்தின் விளிம்பு தெரியவில்லை. கடைசியில் சாம்பல். படங்களுக்கு நடுவே ஒரு இஞ்ச், கீழ் ஓரம் மேல் ஓரத்தைவிட அரை இஞ்ச் கூடுதல், இல்லாவிட்டால் படங்கள் வழுக்கி விழுவது போலத் தோன்றும். டபுள் டேப் போட்டு ஒட்டினேன். அம்பாரம் இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்துவிட்டது. வேறு படமாக இருந்தால் விட்டிருப்பேன். அடிவானத்தை ஒரே கோட்டில் கொண்டுவந்திருக்கிறோமே! உரித்தேன், மூலை கிழிந்தது. அந்த ஒன்றை மட்டும் மறுபடி பிரிண்ட் கேட்டால், லேபில் அதற்குள் வேறு பேப்பர் ரோல் மாற்றிவிட்டார்கள். புது வெள்ளை வெண்ணெய் நிறத்தில் வந்து நின்றது. "யாருக்கு அண்ணாச்சி தெரியப்போகுது?" என்றான் லேப் பையன். எனக்குத் தெரியும். ஆறையும் புதிதாகப் போட்டேன்.

மூன்றாம் பரிசு. நடுவர் வெளியூர்க்காரர். தூக்குவாளிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "வரிசை நல்லா இருக்கு, கண் சுத்தி சுத்தி வருது. ஆனா ஒரு முகம்கூட இல்லையே" என்றார். தலைமையாசிரியர் சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

போன வாரம் வேப்பலோடைக்குப் போனேன். டிவி ஸ்டாண்டு மேல் இருந்த அந்த அம்மாவின் படத்தைப் பெரிதாகப் போட்டு, ஃபிரேம் செய்து எடுத்துப் போயிருந்தேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினார். "கறுத்துப் போயிருக்கேன்" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிப் பார்த்தார்கள். அப்படியே போனில் இருந்த பேனலையும் காட்டினேன். இதற்குத்தான் பரிசு கிடைத்தது என்றேன்.

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்தார். மேல் வரிசை, அப்புறம் கீழ் வரிசை. வலது மூலை வாய்க்காலில் விரல் நின்றது.

"என்ன அண்ணாச்சி, மேல உப்ப குமிச்சி ஓலையும் மூடிட்டிய. இப்பதான் தண்ணி பாய்ச்சுதிய?"

பக்கத்திலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "ஆமா, வாருறதுக்கு முன்னாலயே சொமக்காவ" என்றாள். தண்ணீர் பாய்ச்சி, அது காய்ந்து, உப்புக் கனத்தை அளக்கும் டிகிரிக் கணக்கில் 3 டிகிரி கடல் தண்ணீராக இருந்தாலும் சரி, அதைவிடக் கனத்த ஊற்றுத் தண்ணீராக இருந்தாலும் சரி, 25 டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு விளையும். அப்புறம்தான் வாருவது, சுமப்பது, குவிப்பது, மூடுவது. அதை எனக்கு அங்கேயே நின்று, முதலாம் வகுப்புப் பையனுக்குச் சொல்வது போல ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நின்ற மாதிரியே நின்றேன்.

"அடுத்த தடவ மாத்தி ஒட்டிருதேன்க்கா" என்றேன்.

"ஒட்டுங்க. என் படத்தயும் அதுல சேத்து ஒட்டுங்க" என்றார் அந்த அம்மா.