சுவத்துல கடல் தொட்டி மாட்டின கதை

எங்க ஹால் சுவத்துல, கடல் மீனும் பவளமும் வளக்குற ஒரு கண்ணாடித் தொட்டி மாட்டிருக்கேன். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் மீனைப் பத்தியும் லைட்டைப் பத்தியும்தான் கேக்குறாங்க, சுவரைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்ல, எனக்கு உயிர் போனதே அதுலதான், அதனால அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டைல, தாத்தா கட்டின பழைய பாதியும் அப்பா இழுத்துக் கட்டின புதுப் பாதியும் சேந்தது. தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்னேகால் அடி உயரம், 10 எம்எம் கண்ணாடி. 100 லிட்டர் பிடிக்கும், அப்போ 100 கிலோதானேனு நெனச்சுட்டேன். கண்ணாடி மட்டுமே 30 கிலோ வருதுங்க, உப்புத்தண்ணி நல்லதண்ணியவிட கொஞ்சம் கனம் வேற, கல்லு மண்ணு எல்லாம் சேத்தா 150 தாண்டுது. நான் ஆசையா பாத்து வச்ச சுவத்தை மேஸ்திரி வந்து ரெண்டு தட்டு தட்டிட்டு "தம்பி, இது நாலரை இன்ச் சுவரு, காலண்டர் வேணா மாட்டிக்கோ"ன்னுட்டாரு. பழைய பக்கத்துச் சுவர் நல்ல தடிமன், ஆனா சுண்ணாம்புக் காரை, ட்ரில் வச்சா மாவா கொட்டுது, போல்ட் நிக்காது. கடைசில புதுப் பாதில இருந்த 9 இன்ச் சுவத்துல முழுசா துளை போட்டு, அந்தப் பக்கம் இரும்புப் பட்டை வச்சு நட்டு முடுக்கினோம். எல் ஆங்கிள் மேல பலகை போட்டு மூணு சிமெண்ட் மூட்டைய ராத்திரி முழுக்க வச்சுப் பாத்தாரு மேஸ்திரி, பலகை மட்டத்துக்குச் சுவத்துல போட்ட பென்சில் கோட்டைவிட்டு ஒரு துளி எறங்கல. அப்பவும் எனக்கு மனசு கேக்கல, முன்பக்கம் ரெண்டு ஒல்லிக் கால் குடுக்கச் சொன்னேன். பாத்தா தெரியாது, எனக்குத் தூக்கம் வருது.

அடுத்து தண்ணி. கடல் நடந்து போற தூரம்தான், குடத்துல மொண்டுட்டு வந்தா போச்சுன்னு சொல்லாத ஆளே இல்ல. வைத்திக்குப்பத்துல படகு வச்சிருக்கற மாமாதான் தடுத்தாரு, மழைக்காலத்துல கரையோரம் ஆத்துத்தண்ணி கலந்து உப்பே இருக்காதுப்பா, கலங்கல் வேறன்னாரு. சரி, மரக்காணத்துல உப்பு வாங்கிக் கரைச்சா? அதுவும் ஆகாது. பாத்தில தண்ணி வத்தும்போது ஜிப்சமா கால்சியம் முன்னாடியே படிஞ்சிரும், அப்புறம்தான் உப்பு விளையும், மெக்னீசியம் எல்லாம் வடிச்சு விடுற கசப்புத் தண்ணியோட போயிரும். நம்ம கைக்கு வர்றது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேணும்கறதே அந்தக் கால்சியமும் மெக்னீசியமும்தான். அதனால ஆர்ஓ தண்ணில ரீஃப் சால்ட், அதாவது பவளத் தொட்டிக்குன்னே விக்கிற உப்பு, லிட்டருக்கு 37 கிராம் போல, உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல அடர்த்தி 1.025 வர்ற வரைக்கும்.

தொட்டிக்குள்ள வச்ச கல்லு செராமிக்ல செஞ்சது. மீன் கழிவுலேருந்து வர்ற அம்மோனியா விஷத்தை முறிக்கற பாக்டீரியா அதுல வளரணும், அதுக்குத் தீனி வேணும்னு பெரிய மார்க்கெட்ல ரெண்டு இறால் வாங்கி தொட்டிக்குள்ள அழுக விட்டேன். அம்மா ஒரு வாரம் என்கூட பேசல. "தொக்கு வச்சுத் தின்ன வேண்டியத நாற வச்சுட்டு உக்காந்து பாக்குறான் பாரு"ன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்டதான் பேச்சு. அம்மோனியா ஏறி, எறங்கி, நைட்ரைட் ஏறி, அதுவும் ஜீரோ ஆக அஞ்சு வாரம் ஆச்சு. நடுவுல மீன் விட்டுடலாம்னு கை துறுதுறுன்னு இருக்கும், விட்டா செத்துரும்.

முதல் தடவ கரண்ட் போனப்பதான் நான் பண்ண கூத்து தெரிஞ்சுது. தொட்டிக்குக் கீழ சம்ப்னு ரெண்டாவதா ஒரு தொட்டி இருக்கு, அதுலேருந்து பம்ப் தண்ணிய மேல ஏத்துதில்ல, பம்ப் நின்னதும் அதே பைப் வழியா சைஃபன் அடிச்சு மேல இருக்கற தண்ணி கீழ எறங்க ஆரம்பிச்சிருச்சு, சம்ப் ரொம்பி ஹால் முழுக்க உப்புத்தண்ணி, சோபா கால் ஊறிப்போச்சு. மேல பைப்புல தண்ணி மட்டத்துக்கு ஒட்டினாப்புல கீழ சின்னதா ஒரு துளை போட்டா போதும், மட்டம் எறங்கினதும் காத்து இழுத்து நின்னுரும். அஞ்சு நிமிஷ வேலை, அதை விட்டதால ரெண்டு நாள் மாப்பு போட்டேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அடிச்சு, ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டித் தீத்தப்போ சம்ப்லேருந்து ஒரு சொட்டு வெளிய வரல. இன்வர்ட்டர்ல வேவ்மேக்கர், அதான் தொட்டித் தண்ணிய அலை மாதிரி ஓட்டுற மோட்டார், மட்டும் ஓட்டி, அது படுத்ததும் பேட்டரி ஏர் பம்ப் போட்டு, மீனைக் காப்பாத்திட்டேன்.

வெயில் காலம் தனிப் பாடு. மே மாசம் தண்ணி 31 டிகிரி வந்துருச்சு, தண்ணிய குளுர வைக்கிற சில்லர் விலையக் கேட்டுட்டு ஃபேன்தான் வச்சேன், நம்ம ஊரு காத்துல ஈரம் ஜாஸ்தி, அதனால 29க்குக் கீழ எறங்கல. ஃபேன் போட்டா தண்ணி ஆவியாகும், உப்பு அங்கேயே நிக்கும். கொறையற அளவுக்கு வெறும் ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும், இது தெரியாம மொதல்ல உப்புத்தண்ணிய ஊத்தி 1.029க்கு ஏத்தி வச்சிருந்தேன்.

பவளம்னா, கடினப் பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலி மாதிரி. ஒரு கடைல "யாரு சார் வீட்டுக்குள்ள வந்து பாக்கப் போறா"ன்னாங்க, வேணாம்னு வந்துட்டேன். பவளம் மாதிரியே இருக்கற, ஆனா கல்லு எலும்பு இல்லாத மஷ்ரூமும் சோயாந்தஸும் மட்டும் வச்சிருக்கேன், கூட ரெண்டு க்ளவுன் மீன். ஒரு மஷ்ரூம் பிரிஞ்சு மூணாயிருச்சு.

இப்ப இருக்கற தலைவலி, தொட்டி விளிம்புல பூக்குற உப்பு. தெறிச்சுத் தெறிச்சு ஆங்கிள் மேல எறங்கி, எபாக்ஸி பெயிண்ட் அடிச்சும் வலது ஓரத்து போல்ட்கிட்ட துரு கோடு விழுந்துருச்சு. உப்பைத் தாங்குற ஸ்டெயின்லெஸ் 316 இரும்புல பண்ணிருக்கணும், அன்னிக்குக் காசு பாத்தேன். வெல்டிங் பட்டறைக்காரர் ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்காரு, அதுக்குள்ள பாதித் தண்ணிய எறக்கி வைக்கணும், ட்ரம் கழுவப் போறேன்.