வெள்ளிக்கிழமை 3.18

20 செப்டம்பர் 2025, சனி

புரட்டாசி முதல் சனி. துடைப்பதற்காகப் பெருமாள் படத்தை இறக்கினேன். பின்னால் நாலாக மடித்த ஒரு தாள். பிரித்தால் சம்மன். மேலே தென்னாப்பிரிக்க அரசாங்கம், கீழே என் பெயர், அடையாள எண், வீட்டு முகவரி.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போனபிறகு யாரோ வந்து கொடுத்திருக்கிறார். அத்தை கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.

“கோட்டுக் கடுதாசிம்மா. சாமிகிட்ட வச்சா நல்லதுன்னு வச்சேன்.”

“என்கிட்ட சொல்லணும்ல அத்தை?”

“இன்னைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

மே 23, மதியம் 3.18. என்3 நெடுஞ்சாலையில், டர்பனுக்கு வெளியே கேட்டோ ரிட்ஜ் பக்கம், ரோடு வேலை நடக்கிற இடம். 80இல் போக வேண்டியது, 107இல் போயிருக்கிறது. அபராதம் 750 ராண்ட். கட்டவில்லை, அதனால் அக்டோபர் 14 காலை 8.30க்கு ஆஜராக வேண்டும்.

ஏழு கறி சமைத்து, இலை போட்டு, கோவிந்தா சொல்லி முடித்தோம். எதில் உப்புப் போட்டேன், எதில் போடவில்லை, நினைவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

21 செப்டம்பர்

மே 23இல் நான் எங்கே போனேன்?

22 செப்டம்பர், திங்கள்

சொந்தத்தில் ஒரு வக்கீல் தம்பி இருக்கிறான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டேன். என் கையில் கொடுக்காததால் சம்மன் செல்லாது என்று ஒரு நப்பாசை. அவன் சிரித்தான். வீட்டில் 16 வயது தாண்டிய யார் வாங்கினாலும் செல்லும், அக்கா. உங்க அத்தைக்கு 74.

கேமரா பிடித்தால் முதலில் தபாலில் நோட்டீஸ் வருமாம், அதைக் கட்ட 30 நாள் உண்டாம். கட்டாவிட்டால்தான் சம்மன். எந்த நோட்டீஸும் வரவில்லையே என்றேன். உங்க தெருவில் தபால் வருதா என்று கேட்டான். அதுவும் சரிதான். கடைசியாகத் தபாலில் வந்தது என்ன என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை.

போகாமல் விட்டால்? பிடிவாரண்ட். அதற்குமேல் கோர்ட்டை அவமதித்ததற்குத் தனியாக அபராதம். அப்புறம் ஏதாவது ஒரு ரோட்டில் போலீஸ் மறித்து நம்பரைத் தட்டினால் திரையில் வந்துவிடும். நாளுக்கு முன்னால் பணத்தைக் கட்டிவிட்டால் ஆஜராக வேண்டாம், பேசாமல் கட்டிடுங்க அக்கா என்றான்.

கட்டிவிடலாம். 750 ராண்ட்தானே.

ஆனால் மே 23 வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு ஐந்து மணிவரை வேலை.

24 செப்டம்பர், புதன்

பாரம்பரிய தின விடுமுறை. தெரு முழுக்கக் கறி சுடும் புகை. எங்கள் வீட்டில் புரட்டாசி, ஜன்னலை மூடிவிட்டோம். டிக்கியைச் சுத்தம் செய்தேன். அந்தக் கறை போகவே மாட்டேன் என்கிறது. எலுமிச்சை, சோடா உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டாயிற்று. மருந்துப் பெட்டியில் ஏதோ டானிக் உடைந்து கொட்டியிருக்க வேண்டும். எந்த டானிக் இப்படிக் காப்பி நிறத்தில் காயும்?

25 செப்டம்பர்

இவரிடம் கேட்டேன். “உன் வண்டியை உன்னைத் தவிர யார் தொடுறா?” என்றார். பிறகு வேகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம். ரோடு வேலை நடக்கிற இடத்தில் ஆட்கள் நிற்பார்களாம், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறதாம். தலையாட்டினேன்.

26 செப்டம்பர், வெள்ளி

மருந்துக் கடை மூடும் நேரத்தில், மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதும் ஆறாம் அட்டவணைப் பதிவேட்டை எடுத்துப் பின்னால் புரட்டினேன். மே 23. மார்ஃபின் ஒரு பாட்டில். பக்கத்தில் என் கையெழுத்து, என் நீல மசி. கம்ப்யூட்டரில் அந்தச் சீட்டைத் தேடினால் மணி 3.11.

3.11க்கு டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மருந்து கொடுத்தவள் 3.18க்குக் கேட்டோ ரிட்ஜில் எப்படி இருக்க முடியும்? 107இல் போனாலும் ஏழு நிமிடத்தில் முடியாது.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். நோயாளி பெயரைக் கட்டைவிரலால் மறைத்துத்தான் எடுத்தேன்.

ஐந்து நாளாக என் மூளையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என் அம்மாவுக்கு 58 வயதில் மறதி ஆரம்பித்தது. எனக்கு இப்போது 46. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன்.

27 செப்டம்பர்

இரண்டாம் சனி. வடை நன்றாக வந்தது.

30 செப்டம்பர்

பக்கத்து வீட்டு அண்ணன் வேலி வழியாகப் பயமுறுத்துகிறார். டிசம்பர் 1 முதல் சாலை அபராதத்துக்குப் புதுச் சட்டம் டர்பனுக்கும் வருதாம், அடுத்த வருஷம் லைசென்ஸில் குற்றப் புள்ளி சேர ஆரம்பிக்குமாம், அளவு தாண்டினால் லைசென்ஸே போகுமாம். 1998இல் போட்ட சட்டம் அது. அப்போது நான் பாளையங்கோட்டையில் பத்தொன்பது வயசுப் பெண், சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது இத்தனை வருஷம் கழித்து என்னைத் தேடி வருகிறது. நல்லவேளை, என் வழக்கு பழைய கணக்கில்.

3 அக்டோபர், வெள்ளி

அரை நாள் லீவு போட்டு, கேமரா எடுத்த படத்தைப் பார்க்க அபராத ஆபீஸுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். நம்பரைத் தட்டித் திரையை என் பக்கம் திருப்பினாள்.

என் வண்டிதான். வெள்ளை போலோ. இந்த ஊரில் மூன்றில் ஒரு வண்டி வெள்ளை போலோ, அது பெரிய அடையாளமில்லை. ஆனால் டிக்கி மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. உள்ளேயிருந்து இரண்டு வாழைமரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்று குலையோடு. காற்றில் இலை கிழிந்து பின்பக்கம் தொங்குகிறது. ஒரு கிழிசல் நம்பர் பிளேட்டின் குறுக்கே விழுந்திருக்கிறது.

என்.டி. தெரிகிறது. முதல் மூன்று எண் தெரிகிறது. நாலாவது 8. அதன் இடது பாதியை இலை மறைத்துவிட்டது. பார்த்தால் 3.

“இது 8 என்று எப்படித் தெரிந்தது?” என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். படத்தை ஒரு தாளில் எடுத்துக் கொடுத்தாள்.

வண்டிக்கு வந்து டிக்கியைத் திறந்தேன். டானிக் இல்லை. வாழைக்கறை.

மே 25 ஞாயிறு, பீட்டர்மாரிட்ஸ்பர்கில் பெரிய அத்தை பேத்தி கல்யாணம். அங்கே குளிர், வாழை சரியாக வராது, அதனால் எப்போதும் எங்கள் கொல்லையிலிருந்துதான் மரம் போகும். இவர் பக்கியில்தான், பின்னால் சாமான் ஏற்றும் வண்டியில்தான், போகும். அந்த வாரம் பக்கி எங்கே இருந்தது?

பட்டறையில். கிளட்ச். 4,200 ராண்ட். நான்தான் பணம் கட்டினேன்.

வெள்ளிக்கிழமைகளில் நான் பக்கத்துக் கடைப் பெண்ணோடு வேலைக்குப் போவேன், வண்டி வீட்டில் நிற்கும்.

4 அக்டோபர், சனி

மூன்றாம் சனி. படத்தைச் சாப்பாட்டு மேசையில், அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சாம்பார் ஊற்றும்வரை பார்க்கவில்லை. பார்த்ததும் முதலில் சொன்னது: “மரம் நல்லாத்தான் கட்டியிருக்கேன்.”

5 அக்டோபர்

மறந்துவிட்டாராம். இருக்கலாம். ஆனால் ‘உன்னைத் தவிர யார் தொடுறா’ என்றவர் மறந்ததாகவா சொன்னார்?

இப்போது அவர் கண்டுபிடிப்பு அந்த 3. “இது நம்ம நம்பரே இல்லை. கோர்ட்டில் போய் இது 3 என்று சொல்லு.” வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்.

நான் சத்தியம் செய்து பொய் சொல்ல வேண்டும் என்கிறார். 107இல் போனது நான் இல்லை. பொய் சொல்ல மட்டும் நான்.

7 அக்டோபர்

பேசவில்லை. அவரும் பேசவில்லை. அத்தை இருவருக்கும் இடையில் டீ வைத்துவிட்டுப் போகிறார்.

8 அக்டோபர், புதன்

தம்பியிடம் மறுபடி கேட்டேன். 1996 சாலைச் சட்டத்தில் 73ஆம் பிரிவு: ஓட்டியது யார் என்று தெரியாவிட்டால் சொந்தக்காரர்தான் ஓட்டினார் என்று வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று நான்தான் காட்ட வேண்டும். பதிவேட்டுப் படம் உதவும். அதைவிட, ஓட்டியவரே ‘ஓட்டியது நான்தான்’ என்று பிரமாணப் பத்திரம் எழுதி, அடையாள அட்டை, லைசென்ஸ் நகலோடு அரசு வக்கீலிடம் கொடுத்தால் என் மேல் உள்ளதை வாபஸ் வாங்கிவிட்டு அவர் பெயருக்கு மாற்றலாமாம். போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் முத்திரை போட்டுத் தருவார்கள். “அண்ணன் கையெழுத்துப் போடுவாரா?” என்றான்.

இரவு நானே டைப் செய்தேன். ‘நான் கீழே கையெழுத்திடும்’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். வாழைமரத்தையும் சேர்த்தேன். ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.

9 அக்டோபர்

ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. பால் எடுக்க அவர் நாலு தடவை திறந்தார்.

11 அக்டோபர், சனி

நாலாம் சனி, கடைசி. இலை துடைத்துக்கொண்டே அத்தை தனக்குத்தானே பேசுவது போல:

“அன்னைக்கே சொன்னேன். எமகண்டத்துல வண்டிய எடுக்காதேன்னு. மூணுக்கு முன்னால கிளம்பியாச்சு, ஒண்ணும் ஆகாதுன்னான். வழியெல்லாம் மூணுலேர்ந்து நாலரைம்மா, மூணுலேர்ந்து நாலரை.”

துணியைக் கீழே வைத்தேன்.

“நீங்களும் வண்டியில இருந்தீங்களா அத்தை?”

“முன்னாலதான். தேங்கா மடியில.”

அப்படியென்றால் சம்மன் பெருமாள் படத்துக்குப் பின்னால் ஏன் போனது என்று இனி நான் கேட்க வேண்டியதில்லை. கேட்கவும் இல்லை. இன்னும் இரண்டு இலை துடைக்க வேண்டியிருந்தது. துடைத்தோம். பாயசத்தில் கற்பூர வாசம் தூக்கலாகிவிட்டது, என் கைதான்.

13 அக்டோபர், திங்கள்

ஃபிரிட்ஜ் மேல் தாள் இல்லை. கேட்கவில்லை.

14 அக்டோபர், செவ்வாய், காலை 7.25

வண்டியில் இருந்து எழுதுகிறேன். அவர் ஓட்டுகிறார். அத்தை பின் சீட்டில், யாரும் கூப்பிடாமலே புடவை மாற்றிக்கொண்டு வந்து ஏறிவிட்டார். கோப்பு என் மடியில்: சம்மன், வாழைமரப் படம், பதிவேட்டுப் படம், பிரமாணப் பத்திரம். அவர் சட்டைப் பையிலிருந்துதான் அதை எடுத்துக் கொடுத்தார், மடிப்போடு. கையெழுத்து இடம் காலி. அதிகாரி முன்னால்தான் போடணுமாம், வழியில் ஸ்டேஷனில் நிறுத்துகிறேன் என்றார்.

ரோடு வேலை ஆரம்பித்துவிட்டது. 80 என்று பலகை. முள் 76இல் நிற்கிறது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறது. அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டிய இடம் அடுத்தது. இன்னும் இண்டிகேட்டர் போடவில்லை