ராஷ்டிரபதி பவன் பார்க்கப் போகிறவர்கள் பாஸில் உள்ள அட்டை எண்ணைப் பாருங்கள்

டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையான ராஷ்டிரபதி பவனைச் சுற்றிப் பார்க்க ஆன்லைனில் பதிவு செய்தால் போதும், ஆளுக்கு 50 ரூபாய்தான். அந்தப் பதிவை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் பாடாய்ப் பட்டோம்.

கலாம் அய்யா இருந்த வீட்டை ஒருதடவையாவது பார்க்கணும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் எல்லோருடைய அடையாள அட்டை ஜெராக்ஸையும் கொடுத்தோம். "மெசேஜ் வந்துரும்ணே, கவலைப்படாதீங்க" என்றார் கடைக்காரர். பாம்பன் புதுப் பாலம் திறப்பதற்கு முந்தைய குளிர்காலம் அது. தீவுக்குள் ரயில் கிடையாது. பஸ்ஸில் மதுரை போய்த் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

நாக்பூர் தாண்டியும் மெசேஜ் வரவில்லை. போன் போட்டால், ஓடிபிக்குக் காத்திருக்கச் சோம்பல்பட்டுத் தன் நம்பரையும் தன் மெயிலையுமே கொடுத்திருக்கிறார்! "அனுப்பிடுறேண்ணே" என்றவர் அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. ஊரில் இருந்த மச்சான் கடைக்கு ஓடினார், ஷட்டர் இறக்கியிருந்தது. வீட்டைத் தேடிப் பிடித்து, முன்னாலேயே உட்கார்ந்து பாஸை வாட்ஸ்அப்பில் அனுப்ப வைத்தார்.

அதைத் திறந்தால் அடுத்த இடி. அம்மா பெயருக்கு நேரே வாக்காளர் அட்டை எண். ஜெராக்ஸ் கட்டில் எது மேலே இருந்ததோ அதை அடித்துவிட்டிருக்கிறார். அம்மா கையில் இருந்ததோ ஆதார். வாக்காளர் அட்டை ஊரில் டிரங்குப் பெட்டிக்குள். அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வாசலில் கேட்டுப் பார்க்கலாம் என்றாள் தங்கை. அத்தனை தூரம் வந்த அம்மாவை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? நான் ஒப்பவில்லை. என் நம்பரிலேயே புதிதாகப் பதிந்தேன். கிடைத்த தேதியோ எங்கள் திரும்பும் ரயிலுக்குப் பிறகு. டிக்கெட்டை ரத்து செய்து தட்கலில் எடுத்தோம். லாட்ஜ் வாடகை தனி. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

உள்ளே நுழைந்தது சுலபம். 340 அறைகளில் காட்டுவது கொஞ்சம்தான். தர்பார் ஹாலுக்கு 2024 ஜூலையில் கணதந்திர மண்டபம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். மஞ்சள் சலவைக்கல் தூண்களுக்கு நடுவே குப்தர் காலத்துப் புத்தர். அம்மா அங்கிருந்து நகரவே இல்லை. வெளியே வந்து குவிமாடத்தை அண்ணாந்து பார்த்து, "பேக்கரும்புல கட்டியிருக்கிறது இதைப் பார்த்துத்தானா!" என்றார். ஆமாம், நம்மூர் கலாம் நினைவிடத்தின் குவிமாடம் இதே சாயல்தான்.

கலாம் தங்கியிருந்த பகுதியைக் காட்ட மாட்டார்கள். அம்மாவுக்கு அது பெரிய குறை. ஆனால் 2006-ல் சொந்தக்காரர்கள் வந்து தங்கியபோது செலவையெல்லாம் அவர் தன் பணத்திலிருந்தே கட்டிய கதையைக் கூட வந்த கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு அம்மா சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் நின்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

போகிறவர்கள் உங்கள் நம்பர், உங்கள் மெயிலிலேயே பதியுங்கள். பாஸில் எந்த அட்டையின் எண் இருக்கிறதோ அதன் அசலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இனிஷியலையும் அட்டையில் உள்ளபடியே அடிக்கச் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் டெல்லி ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். போய் இறங்கும் நாளிலேயே பாஸ் எடுக்காதீர்கள். ஊர் திரும்பியதும் அந்தக் கடைக்குப் போய், வாங்கிய சார்ஜைத் திருப்பிக் கேட்டேன். முனகிக்கொண்டே கொடுத்தார்.