அம்மா உக்கார முடியாத சீட்டு

அப்பாவோட யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், 1994 மாடல், அஞ்சு வருஷமா மாடிப்படிக்குக் கீழ தார்ப்பாய் போத்திக் கெடந்துச்சு. எஸ்கார்ட்ஸ் கம்பெனி செஞ்ச காலத்து வண்டி, 1985-ல வந்து 1996-ல நிறுத்திட்டாங்க, 98 சிசி தான் ஆனா ஓட்டுனவங்களுக்குத் தெரியும். இஞ்சின் வேலைக்கு மெக்கானிக் இருக்காரு, அதுல நான் கை வைக்கல. சீட்டும் மத்த சில்லறை சாமானும் நானே வீட்ல பண்ணிக்கிறேன்னு வீராப்பா சொல்லிட்டேன்.

முதல்ல பண்ணது தப்பு, அதையே முதல்ல சொல்லிடுறேன். யூடியூப்ல பாத்த மாதிரி பின்னாடி திமில் வச்ச கஃபே ரேசர் சீட்டு, அதாவது ரேஸ் வண்டி மாதிரி ஒருத்தர் மட்டும் உக்காருறது, ஃபைபர்ல. பேஸ், அதாவது சீட்டோட அடித்தட்டு போடுறதுக்கு ஃப்ரேம் மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, மெழுகு தடவி, 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) கண்ணாடி இழை மேட்டை மூணு அடுக்கா ரெசின்ங்கிற பிசினைத் தடவித் தடவி ஒட்டணும். கடையில ரெசின், ஆக்சிலரேட்டர், ஹார்ட்னர்னு மூணு பாட்டில் குடுப்பாங்க. ஆக்சிலரேட்டரை முதல்ல ரெசின்ல ஊத்தி நல்லா கலக்கணும், அதுக்கப்புறம் தான் ஹார்ட்னர். ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு சேத்தீங்கன்னா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும், விளையாட்டு இல்ல. ஹார்ட்னர் கிலோவுக்கு 10-லேர்ந்து 20 மில்லி போதும். நான் சித்திரை வெயில்ல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மொட்டை மாடியில ஒரு கிலோவையும் ஒரே மக்ல கலக்குனேன், ரெண்டு வாட்டி பிரஷ் ஓட்டுறதுக்குள்ள மக் சூடாகி புகை வந்து அடி இளகி உக்காந்துருச்சு. குளிக்கிற மக் அது. கொஞ்சம் கொஞ்சமா, சாயங்காலமா கலக்குங்க. முழுக்கை சட்டை போட்டுக்கங்க, இல்லன்னா ரெண்டு நாள் ஒடம்பு பூரா அரிக்கும்.

எப்படியோ முடிச்சு மாட்டிட்டேன், பாக்க அம்சமா தான் இருந்துச்சு. அம்மா வெளிய வந்து ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "ஏன்டா, நான் எங்க உக்காருறது?"ன்னாங்க. அவ்ளோதான். இருபது வருஷம் அந்த வண்டியில ஒருக்களிச்சு உக்காந்து மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போனவங்க. திமில் வைக்கிறதுக்காக சேலை கார்டையும் கைப்பிடியையும் வேற கழட்டிப் போட்டிருந்தேன். அது அழகு சமாச்சாரம் மட்டும் இல்ல, மத்திய மோட்டார் வாகன விதி 123-லயே இருக்கு, கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு எல்லாம் இருந்தே ஆகணும். சேலைத் தலைப்பு ஸ்போக்ல மாட்டினா என்ன ஆகும்னு நான் வேற சொல்லணுமா.

அதனால பழைய தகர பேஸையே எடுத்தேன். அடியில பாத்தா துரு, மூணு எடத்துல விரல் போற அளவுக்கு ஓட்டை. பெரிய பிளாஸ்டிக் டப்புல 10 லிட்டர் தண்ணிக்கு அரை கிலோ சிட்ரிக் ஆசிட் போட்டு ராத்திரி பூரா ஊற வச்சேன், காலையில கருப்பா சேறு மாதிரி கெளம்பி வந்துச்சு, கம்பி பிரஷ் போட்டா வெறும் இரும்பு. கழுவுனதும் சோடா உப்புத் தண்ணியில ஒரு முக்கு முக்கி ஒடனே வெயில்ல காய வச்சு பிரைமர் அடிச்சிரணும், டீ குடிச்சிட்டு வரலாம்னு போனீங்கன்னா திரும்பி வர்றதுக்குள்ள மஞ்சளா துரு பூத்துரும். ஓட்டையை மிச்சமிருந்த ஃபைபர் மேட்டை வச்சே அடைச்சேன், முதல் சீட்டால கெடச்ச ஒரே லாபம்.

ஃபோம் தான் முக்கியம், நெறைய பேர் ரெக்ஸினுக்குக் காசு போட்டுட்டு இதுல கோட்டை விடுறாங்க. மெத்தைக் கடை சாதா ஸ்பாஞ்ச் ரெண்டு மாசத்துல அப்பளம் ஆயிரும். நான் அடியில ரெண்டு இன்ச் ரீபாண்டட், அது துண்டு துண்டா அழுத்தி ஒட்டினது, கெட்டியா இருக்கும், மேல ஒரு இன்ச் ஹெச்ஆர் ஃபோம், அது அமுக்கினா சட்டுனு பழையபடி எழும்புற ரகம். வெறும் ஹேக்சா பிளேடை கையில புடிச்சு அறுத்து, 40 நம்பர் எமரி ஷீட்டை மரக்கட்டையில சுத்தி தேய்ச்சுத் தேய்ச்சு வடிவம் கொண்டு வந்தேன். பின்னாடி அம்மா பக்கம் மட்டும் தட்டையா, கொஞ்சம் அகலமா விட்டேன், ஒருக்களிச்சு உக்காருறவங்களுக்கு நடுவுல மேடு இருந்தா வழுக்கித் தள்ளும்.

ரெக்ஸின் சென்னை ஜிபி ரோட்ல வாங்குனேன். அடிப்பக்கம் பின்னல் துணி இருக்கிறதா பாத்து எடுங்கன்னு கடை பாய் சொன்னாரு, அது தான் இழுத்தா குடுக்குமாம். பாய்கிட்டயே தைக்கக் குடுத்திருக்கலாம். ஆனா வீட்ல அம்மாவோட கால் மிஷின் இருக்கே. பேப்பர்ல அச்சு வெட்டி, 18 நம்பர் ஊசி, நைலான் நூல் போட்டு ஒக்காந்தேன். குண்டூசி குத்தப் போனேன், அம்மா கையைத் தட்டி விட்டாங்க, துணின்னா ஓட்டை மூடிக்கும், இது அப்படியே நிக்கும், கொடியில மாட்டுற கிளிப்பைப் போடுன்னாங்க. நான் பலமா இருக்கட்டும்னு தையலை நெருக்கி நெருக்கி ஓட்டினேன். அம்மா அந்தத் துண்டை வாங்கி ரெண்டு பக்கமும் புடிச்சு ஒரே இழு, தபால் தலை கிழிக்கிற மாதிரி தையல் மேலயே சர்ருன்னு பிரிஞ்சு வந்துருச்சு. "பிளவுஸ் இல்லடா இது, எட்டி எட்டிப் போடு"ன்னு சொல்லிட்டு அவங்களே மிஷின்ல ஒக்காந்துட்டாங்க. மூணு மடிப்பு சேர்ற மூலையில மட்டும் பெடலை மிதிக்காம கையால சக்கரத்தைச் சுத்தி ஒவ்வொரு தையலா எறக்குனாங்க. நான் ரெண்டு ஊசி ஒடைச்சேன், அவங்க ஒண்ணு கூட ஒடைக்கல.

மாட்டுறப்ப கவரை ஒரு மணி வெயில்ல காயப் போட்டு சூடா இருக்கும்போதே இழுக்கணும், முன்னாடி நடு, பின்னாடி நடு, அப்புறம் தான் பக்கவாட்டு. தகர பேஸ்ல சுத்தி பல்லு பல்லா இருக்கும்ல, அதுல குத்தி மடக்கணும்.

இடையில மத்த சாமானும் நடந்துச்சு. குரோம் மட்கார்டுக்கு அலுமினியம் ஃபாயிலை உருட்டி தண்ணி தொட்டுத் தேய்ச்சா மேல் துரு போயிரும், குழி விழுந்தது போகாது, அதுக்கு பிளேட்டிங் தான். சைலன்சர் உள்குழாய்ல கட்டியா இருந்த கரிக்கு காஸ்டிக் சோடா கரைச்சேன், கையுறை, கண்ணாடி எல்லாம் ஒழுங்கா போட்டு. கரி நல்லாவே விட்டுச்சு. ஆசை யாரை விட்டுச்சு, அழுக்கா இருந்த பிரேக் லீவரையும் அதுலயே போட்டேன். அது அலுமினியம். சோடா பாட்டில் மாதிரி பொங்குச்சு, எடுத்துப் பாத்தா கருத்து, சொரசொரன்னு, பாதி தின்ன வெல்லக்கட்டி மாதிரி. இப்ப வண்டியில இருக்கிற லீவர் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல தேடி வாங்குனது.

சேலை கார்டு, கைப்பிடி எல்லாம் திரும்ப மாட்டியாச்சு. போன வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு மார்க்கெட் போனேன், பை ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லாம வந்தாங்க, எறங்குனப்புறம் தான், "சேலைக்கு வழுக்குது, குறுக்க ஒரு பெல்ட் தைச்சா புடிச்சுக்கலாம்"னாங்க. சரின்னு இருக்கும்போதே ராத்திரி மழை. காலையில உக்காந்தா பேன்ட் நனையுது, தையல் ஓட்டை வழியா ஃபோம் பூரா தண்ணி குடிச்சிருக்கு. ஃபோமுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவுல ஒரு பாலித்தீன் கவர் போட்டிருக்கணும், மறந்துட்டேன். மறுபடி பிரிச்சா பழைய தகரம், பல்லுல மூணு கையோட வந்துருச்சு. பல்லுக்குப் பதிலா கவரைத் தகரத்தோட சேத்து ஆணி மாதிரி அறைய பாப் ரிவெட் கன் பக்கத்து வீட்ல கேட்டிருக்கேன், அது வர்ற வரைக்கும் ஃபோம் துணிக்கொடியில தொங்குது, பெல்ட்டை அம்மா தைச்சு முடிச்சிட்டாங்க.