காதை எப்போது அடைப்பது, எப்போது திறந்து விடுவது?

ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நீடித்த வலி தரும் நோய்) இருப்பவர்களுக்கு எவர்சில்வர் தட்டு விழும் சத்தம் உடம்பில் வலியாகவே இறங்கலாம். அது கற்பனை இல்லை. காதில் கோளாறு இல்லாதவர்களுக்கும் வரும். வலியைப் போலவே சத்தத்தையும் மூளை பெருக்கிக் காட்டுகிறது. இந்த நோயின் பாதிப்பை அளக்க 2009-இல் திருத்தப்பட்ட கேள்வித்தாளில், சத்தம், வெளிச்சம், வாசனை, குளிர் எவ்வளவு தாங்கவில்லை என்று 0 முதல் 10 வரை கேட்கிறார்கள். டாக்டரிடம் "எரிச்சலா இருக்கு" என்பதோடு நிறுத்தாமல் அந்த எண்ணையும் சொல்லுங்கள்.

நாள் முழுக்க இயர்பிளக் வைத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. சத்தம் வராவிட்டால் மூளை தேடித் தேடிக் கேட்க ஆரம்பிக்கும்; சில வாரங்களில், பிளக்கை எடுத்ததும் சாதாரணப் பேச்சே காதைக் குத்தலாம். மிக்ஸி, டிரில், பட்டாசு என்று உச்சத்துக்கு மட்டும் வையுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். ஃபோம் பிளக்கை மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, 30 நொடி விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி நுழைந்த பிளக்கால் பயன் மிகக் குறைவு. தாடை மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஃபோமின் அழுத்தமே வலியைக் கிளப்பும். அவர்களுக்கு மென்மையான ஃபில்டர் பிளக் (சத்தத்தை முழுக்க அடைக்காமல் குறைத்து விடுவது) தேவலை. பிளக் மேல் இயர்மஃப் (காதை வெளியிலிருந்து மூடும் கவசம்) போட்டால் இரண்டின் அளவும் கூடிவிடாது, கிடைப்பது சுமார் 5 டெசிபெல் கூடுதல்தான். இரைச்சல் குறைக்கும் ஹெட்ஃபோன் பஸ் எஞ்சின், ஏசி இரைச்சலுக்கு நல்லது. பாத்திரச் சத்தத்துக்கு அவ்வளவாக உதவாது.

மற்ற நேரத்தில் மழைச் சத்தம் போல ஒன்றை, அதற்கு மேல் மெதுவாகப் பேசினாலும் கேட்கும் அளவில், பின்னணியில் ஓடவிடுங்கள். முதலில் 15 நிமிடம் போதும். முழு நிசப்தத்தில் ஒரு கரண்டி விழுந்தால் தூக்கிவாரிப் போடும். லேசான இரைச்சல் இருந்தால் அந்த அதிர்ச்சி குறையும்.

சத்தம் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது எல்லாவற்றையும்விட மேல். மிக்ஸியைச் சுவரிலிருந்து தள்ளி, தடித்த ரப்பர் மேட்டில் வையுங்கள். கடகடத்தால் கப்ளர் (ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பாகம்) தேய்ந்திருக்கலாம், மாற்றுங்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, விசில் எண்ணாமல் நிமிடம் எண்ணுங்கள். சிங்க்கில் ஒரு ரப்பர் மேட், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ். குறைந்த வேகத்தில் ஃபேன் "ம்ம்ம்" என்று முனகினால், பெரும்பாலும் சுழற்றுகிற பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டரே காரணம். கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் மாட்டினால் அடங்கும்.

கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவிலோ மூலையிலோ உட்காராதீர்கள், அங்கே ஒலி எதிரொலித்துக் கூடும். வெளிவாசல் பக்கம் இடம் பிடியுங்கள். தூக்கம் கெட்ட மறுநாள் இப்படிப்பட்ட இடங்களைத் தள்ளிப்போடுவது தப்பே இல்லை.

காது பரிசோதனைக்குப் போனால், உரத்த ஒலி கொடுக்கும் முன்பே உங்கள் நிலையை ஆடியாலஜிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். திடீரென ஒரு காது மட்டும் மந்தமானால் அதை ஃபைப்ரோ கணக்கில் சேர்க்காதீர்கள், அன்றைக்கே ஈஎன்டி டாக்டரைப் பாருங்கள்.